சம்பளத்தை மறுத்த சனிக்கிழமை

கல்லூரி அதற்கு வைத்திருந்த பெயர் செய்முறைப் பயிற்சி. மருந்துக்கடை முதலாளி அதற்கு வைத்த பெயர் ‘நம்ம வீட்டு ஆளு’. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: சம்பளம் கிடையாது. கல்லூரி அதை ஒரு விதியாக எழுதி வைத்திருந்தது. முதலாளி அதை ஓர் உறவாக உயர்த்தியிருந்தார். வித்தியாசம் அவ்வளவே. ஆனால் அந்த வித்தியாசத்தில்தான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று.

என் மனைவி சென்ற ஆவணியில் காலமானாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் தேனி பஜார்க்காரர்கள் சிலர் இருந்தார்கள். துக்க வீட்டில் பேச விஷயம் தீர்ந்துபோகும் கட்டம் ஒன்று உண்டு. அந்தக் கட்டத்தில் அவர்களில் ஒருவர், பக்கத்தில் அமர்ந்திருந்த என் மாணவரிடம், “சார் அந்தக் காலத்துலயே பெரிய ஆளு. பொண்ணப் பாத்துட்டு, சம்பளமே வேணாம்னு சொன்ன மனுசன்” என்றார். மாணவர் என்னை ஒரு காதல் காவியத்தின் தலைவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இந்தக் கதை பல வருடங்களாகவே இப்படித் தப்பாகத்தான் சொல்லப்பட்டு வருகிறது. ஒவ்வொரு முறையும் அதைத் திருத்தி, என்னைத் தலைவன் பதவியிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டிருந்தவள் அவள்தான். இனி அந்த வேலையை நானே செய்துகொள்ள வேண்டும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் மருந்தாளுநர் பட்டயப் படிப்பின் எழுத்துத் தேர்வுகளை முடித்திருந்தேன். அதன் பிறகு ஏதேனும் ஒரு மருந்துக்கடையிலோ மருத்துவமனையிலோ மூன்று மாதம் ஊதியமின்றிப் பயிற்சி பெற வேண்டும். ஊதியம் பெற்றால் அது பயிற்சி ஆகாது, வேலை ஆகிவிடும். வேலை ஆகிவிட்டால் பட்டயம் கிடைக்காது என்று முதல்வர் எங்களை வரிசையாக நிற்கவைத்து எச்சரித்திருந்தார். உழைப்பின் தூய்மையைக் காக்கும் பொறுப்பு எங்கள் கையில் இருப்பதாக நாங்களும் நம்பினோம்.

என் அப்பா கெங்குவார்பட்டியில் மிஷன் பள்ளி ஆசிரியர். எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவர் தேனி பஜாரில் மருந்துக்கடை வைத்திருக்கிறார் என்று விசாரித்து அறிந்து, என்னைக் கொண்டுபோய் விட்டார். முதலாளி மெலிந்த மனிதர். முழுக்கை வெள்ளைச் சட்டை, காதில் பென்சில், முகத்தில் எப்போதும் சில்லறை இல்லாத பாவனை. “நம்ம வீட்டு ஆளா இருந்துட்டுப் போகட்டும், வாத்தியாரே” என்றார். அப்பா கண் கலங்கினார். பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன்: பஜார்த் தமிழில் அந்தச் சொற்றொடர் வந்துவிட்டால் அதற்குமேல் பணம் பற்றிப் பேசுவது அநாகரிகம்.

கடைக்குப் பின்னால் சரக்கறை. அதில் எனக்கு ஒரு கட்டில். அதற்கும் பின்னால் வீடு. சரக்கறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு. மதியமும் இரவும் அந்தக் கதவு அரையடி திறக்கும், ஒரு டிபன் கேரியர் வெளியே வரும், கதவு மூடிக்கொள்ளும். கேரியரைப் பிடித்திருந்த கையில் இரண்டு வளையல்கள் இருக்கும். அந்தக் கை முதலாளியின் ஒரே மகளுடையது. அவள் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். எங்களுக்குள் நடந்த முதல் உரையாடலை இங்கே முழுமையாகத் தருகிறேன்.

“கொழம்புல உப்பு சரியா இருக்கா?”

“போதுமான அளவில் இருக்கிறது.”

கதவு மூடிக்கொண்டது. உள்ளே யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது. காதல் காவியம் என்று சொல்கிறவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கல்லூரியில் நான் முதல் மாணவன். களிம்பு குழைப்பதிலும், பொடியைச் சமமாகப் பங்கிட்டுப் பொட்டலம் மடிப்பதிலும், மிக்சர் என்ற திரவ மருந்துப் பாட்டிலில் வேளைக்கான அளவைக் காட்ட ஒட்டும் தாளைப் பல் பல்லாக வெட்டுவதிலும் என்னை மிஞ்ச ஆளில்லை. இந்தக் கலைகளுக்குத் தேனி பஜார் காத்திருக்கிறது என்று எண்ணியே வந்தேன். முதலாளி எனக்குக் கொடுத்த வேலை பாட்டில் கழுவுவது. அக்காலத்தில் மிக்சர் வாங்க வருபவர்கள் வீட்டிலிருந்தே காலிப் பாட்டில் கொண்டுவருவார்கள். விளக்கெண்ணெய், மண்ணெண்ணெய், சிலவற்றில் தயங்கித் தயங்கிப் பெயர் சொல்ல வேண்டிய வேறு திரவங்கள் எல்லாம் இருந்த பாட்டில்கள். முகர்ந்து பார்த்து, எது எதுவென்று கண்டு, அதற்கேற்பக் கழுவினேன். இது பாடத்திட்டத்தில் இல்லாத பகுப்பாய்வு வேதியியல்.

முதலாளிக்கு என்னை அழைக்க ஒரு பெயர் தேவைப்படவில்லை. வாடிக்கையாளர் முன்னிலையில் ‘தம்பி’. மற்ற நேரங்களில் ‘இந்தா’.

அந்தக் கடையின் அடுக்குமுறை பற்றிச் சொல்ல வேண்டும். முதலாளி மருந்துகளை மனித உடலின் வரிசைப்படி அடுக்கியிருந்தார். மேல்தட்டில் தலைவலி. அதற்கு அடுத்து கண், காது, மூக்கு. பிறகு தொண்டை, நெஞ்சு. நடுத்தட்டுகளில் விசாலமாக வயிறு. அதற்குக் கீழே, ஒரு துணித்திரைக்குப் பின்னால், பெயர் சொல்லாத உறுப்புகள். தரையை ஒட்டி மூட்டுவலித் தைலமும் பித்தவெடிப்புக் களிம்பும். அலமாரிக்கு எதிரே நின்றால் ஒரு பெரிய மனிதன் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதுபோல இருக்கும்.

இது விஞ்ஞானம் அன்று என்று எனக்குத் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அனைவரும் கோயிலுக்குப் போயிருந்தபோது, தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுக் கடையிலேயே இருந்து, சரக்கு முழுவதையும் ஆங்கில அகரவரிசையில் மாற்றி அடுக்கினேன். எங்கள் வழக்கில் தேவாலயத்துக்கும் கோயில் என்றே பெயர். அன்று நான் தவறவிட்ட பிரசங்கம் பணிவைப் பற்றியது என்று பிறகு கேள்விப்பட்டேன். திங்கள் காலை முதலாளி கடை திறந்து, அலமாரியை மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தார். பாராட்டுவதற்குச் சொல் தேடுகிறார் என்று நினைத்தேன்.

“இது என்னா?”

“அகரவரிசைங்க ஐயா. எந்த மருந்தையும் உடனே எடுத்துவிடலாம்.”

“காலுக்குப் போடுற களிம்பு தலைல ஏறி ஒக்காந்திருக்கு.”

“அதன் பெயர் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது.”

“ஏந்தம்பி, வர்றவன் என்னா சொல்லிக் கேப்பான்? எனக்கு ஏ வலிக்குது, பீ வலிக்குதுனா சொல்லுவான்? வயிறு வலிக்குதுனுதான சொல்லுவான்?”

கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம். பிற்பகலுக்குள் அந்தப் பெரிய மனிதனைப் பழையபடி தலை மேலாகவும் கால் கீழாகவும் நிறுத்தி வைத்தேன்.

அவர் பக்கத்து நியாயம் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த முறையில் ஒரு கோளாறு இருந்தது. கண்ணும் காதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டுக்குமான சொட்டு மருந்துகளும் ஒரே அளவுப் பழுப்பு நிறச் சீசாக்களில் வந்தன. முதலாளி பார்த்து எடுக்கும் வழக்கமுடையவர் அல்லர். அவர் கை தானே போய் எடுத்துக்கொண்டு வரும். மழைக்காலத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணோய் பரவியது. அனுமந்தன்பட்டியிலிருந்து ஒரு பெண், கண் சிவந்து வீங்கிய குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். டாக்டர் எழுதிய சீட்டை முதலாளி சரியாகவே படித்தார். அவருடைய கைதான் காதுக்குப் போய்விட்டது. சீசாவைக் காகிதத்தில் சுற்றும் நேரத்தில் நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்த்தார், சீசாவைப் பார்த்தார். திரும்பிப் போய் அதை வைத்துவிட்டுச் சரியான மருந்தை எடுத்து வந்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் சொன்னார்:

“புதுப் பையன், ஆத்தா. எடுத்துக் குடுக்க லேட்டாக்கிட்டான். கோவிச்சுக்கிராத.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “சுறுசுறுப்பா இருக்கணும் தம்பி. அண்ணாச்சி இருக்காகல்ல, பாத்துக் கத்துக்க” என்றாள்.

அன்று மாலையே காது மருந்துகள் எல்லாம் தொண்டைக்குக் கீழே குடிபெயர்ந்தன. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் பணத்துக்கு ஏங்கியவன் அல்லன். விதி தடுத்திருந்த ஒன்றுக்கு ஏங்க எனக்குத் தெரியாது. எனக்கு வேண்டியிருந்தது ஒரு சொல். ‘பரவாயில்லையே’ என்றால் போதும். ‘பாத்துட்டயே’ என்றால்கூடப் போதும். மூன்று மாதம் ஒருவன் ஓரிடத்தில் வேலை செய்தான் என்பதற்கு அங்கிருந்த ஒரு மனிதரின் வாயில் ஓர் ஒலியாவது எழ வேண்டாமா என்று சரக்கறைக் கட்டிலில் படுத்து யோசித்திருக்கிறேன். பாட்டில்கள்கூட நன்றாகக் கழுவினால் பளபளக்கின்றன.

இந்த நிலையில்தான் எதிர்க்கடைப் பாத்திர வியாபாரி ஒருநாள் வெற்றிலை போட்டுக்கொண்டே எங்கள் கடை வாசலுக்கு வந்தார். பஜாரில் யார் எதற்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

“என்ன அண்ணாச்சி, புதுப் பையனுக்கு என்ன சம்பளம் போட்டிருக்கீக?”

“சம்பளம் என்னா சம்பளம். நம்ம வீட்டு ஆளுல்ல?”

“ஓஹோ,” என்றார் பாத்திரக்காரர். “நம்ம வீட்டு ஆளா!” என்றார் இரண்டாம் முறை, ஒவ்வோர் எழுத்தையும் தட்டிப் பார்த்து, பித்தளையா ஈயமா என்று சோதிப்பதுபோல.

முதலாளி எல்லோரிடமும் சொல்கிற உபசார வார்த்தையைத்தான் சொன்னார். ஆனால் பஜாரின் கணக்கு வேறு. பஜாரில் கூலியில்லாமல் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடியவர்கள் இரண்டே பேர்: ஒருவன் மகன், மற்றவன் மருமகனாகப் போகிறவன். முதலாளிக்கு மகன் இல்லை. நானோ அவர் வீட்டுச் சோறு தின்று, அவர் சரக்கறையில் படுத்து, அவர்களுடைய கோயிலுக்கே போய்வருகிறேன். பாத்திரக்காரர் இரண்டையும் இரண்டையும் கூட்டினார். சாயங்காலத்துக்குள் விடை ரயில்வே கேட்டைத் தாண்டிவிட்டது. இப்படிப்பட்ட செய்தி ஊர் முழுக்கப் போகும். பெண்ணைப் பெற்றவர் காதுக்கு மட்டும் போகாது. மாப்பிள்ளை காதுக்கும் போகாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம், மறுநாளிலிருந்து உலகம் என்னை மதிக்கத் தொடங்கியது என்பதுதான். டீக்கடையில் கிளாஸ் மறைந்து கப்பும் சாசரும் வந்தன. கோயிலில், கதவோரம் நின்றுகொண்டிருந்த என்னைக் கோயில்பிள்ளை, அதாவது மணியடித்து இடம் துடைக்கும் ஊழியர், மின்விசிறிக்கு நேர்கீழே உள்ள பெஞ்சுக்கு அழைத்துப் போனார். கடைக்கு வந்த பெண்கள் மாத்திரையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். கண் மருந்து விவகாரம் எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். உண்மையை எத்தனை நாள் மூடி வைக்க முடியும்?

பாத்திரக்காரர் தினமும் வந்தார்.

“கூடப் பெறந்தவுக எத்தன பேரு?”

“இரண்டு தங்கைகள்.”

“கெங்குவார்பட்டில காடு கரை ஏதும் உண்டா?”

“இல்லைங்க. அப்பா ஆசிரியர்.”

“படிப்பு இருக்குல்ல, அது போதும். பாட்டு வருமா?”

“தேர்வுக்குப் பாட்டு இல்லைங்க.”

“நல்லா பேசுறீகளே!” என்று என் முதுகில் தட்டினார். “எல்லாம் நல்லபடியா நடக்கும் மாப்ள.”

மாப்ள என்று அழைத்தும் எனக்கு உறைக்கவில்லையா என்று கேட்கலாம். எங்கள் சீமையில் மாப்ள என்பது பஸ்ஸில் இடம் விடச் சொல்பவனுக்கும், தீப்பெட்டி கேட்பவனுக்கும், அடிக்க வருபவனுக்கும் பொருந்துகிற சொல். அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. மருந்தாளுநர்களின் வாழ்க்கையில் பாத்திர வியாபாரிகளுக்கு உள்ள ஆர்வத்தை எண்ணி நான் நெகிழ்ந்துகொண்டிருந்தேன். ஆனாலும் ஊர் முழுக்கத் தந்த மரியாதை ஒருபுறமிருக்க, அது வரவேண்டிய ஒரே வாயிலிருந்து வரவில்லை. முதலாளிக்கு நான் இன்னும் ‘இந்தா’தான்.

பயிற்சி முடிய ஒரு வாரம் இருந்த சனிக்கிழமை. சந்தை நாள். கடையில் கூட்டம் நெரிந்தது. அன்று போடியிலிருந்து பலசரக்கு மொத்த வியாபாரி ஒருவர் தம் மனைவியுடனும் அண்ணனுடனும் வருவதாக இருந்தது. முதலாளி மகளைத் தம் மகனுக்குப் பேச வருகிறார்கள். இது முதலாளி வீட்டில் மட்டும் தெரிந்த செய்தி. அவர் அன்று காதிலிருந்து பென்சிலை எடுத்திருந்தார்; அதை வைத்தே நான் ஏதோ விசேஷம் என்று ஊகித்திருக்க வேண்டும்.

வந்தவர்களுக்கு வீட்டுக்கு எந்தச் சந்து என்று தெரியவில்லை. எதிர்க்கடையில் கேட்டார்கள். பாத்திரக்காரர் வழி சொன்னார். வழியோடு நிறுத்துகிற வழக்கம் அவருக்கு இல்லை.

பலசரக்குக்காரர் வீட்டுக்குப் போகவில்லை. மனைவியையும் அண்ணனையும் வெயிலில் நிறுத்திவிட்டு நேரே எங்கள் கல்லாவுக்கு முன் வந்து நின்றார். கனத்த உடம்பு, தாழ்ந்த குரல். எந்த வணக்கமும் சொல்லாமல் என்னைச் சுட்டிக் கேட்டார்.

“இந்தப் பையன் யாரு அண்ணாச்சி?”

முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. “வாங்க வாங்க, உள்ள வாங்க. இவனா? கடையில வேல பழகுற பையன்.”

“எதுத்த கடையில வேற மாதிரி சொல்றாகளே. ஒங்க வீட்டு ஆளாம்ல?”

முதலாளியின் உடம்பில் விஷயம் மெல்ல ஏறியதை நான் பார்த்தேன். வயிற்றில் தொடங்கி, நெஞ்சு, தொண்டை என்று அவருடைய அலமாரி வரிசையிலேயே ஏறியது. ஆனால் அது என்ன விஷயம் என்று எனக்குத் தெரியவில்லை.

“சே சே, அப்படியெல்லாம் இல்ல. சம்பளத்துக்கு இருக்கான்.”

“சம்பளம் கெடையாதுனு நீங்களே சொன்னீகளாம்ல?”

சாலையில் கூட்டம் நின்றுவிட்டது. தைலம் வாங்க வந்திருந்த மூட்டு வலிக்காரர் ஒருவர் வலியை மறந்து முன்னால் வந்தார். பாத்திரக்காரர் தம் கடை மேடையில் ஏறி நின்றார். முதலாளி கல்லாவைத் திறந்தார். அந்தக் கல்லா பணம் வெளியே போவதற்காக இப்படித் திறந்து நான் அதுவரை கண்டதில்லை. கைக்கு வந்த நோட்டுகளை அள்ளி எல்லோரும் பார்க்க உயர்த்திப் பிடித்தார்.

“இன்னைக்கு இவனுக்குச் சம்பள நாளு. குடுக்கத்தான் போனேன், நீங்க வந்துட்டீக. இந்தாப்பா தம்பி, ஒன் சம்பளம். வாங்கிக்க.”

நான் இப்போது அந்த இடத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த நோட்டுகளை நான் வாங்கியிருந்தால், நான் கூலிக்காரன். வதந்தி அதே இடத்தில் செத்திருக்கும். பெண் போடிக்குப் போயிருப்பாள். அங்கிருந்த எல்லோருக்கும் இது தெரியும். கதவுக்குப் பின்னால் நின்ற அவளுக்கும் தெரியும். தெரியாதவன் ஒருவன்தான். அவன் மூன்று மாதமாக ஒரு சொல்லுக்குக் காத்திருந்து, அது வரும் என்ற நம்பிக்கை இழந்திருந்த வேளையில், தன் உழைப்பை முதலாளி ஊரறிய ஒப்புக்கொள்வதாக நினைத்துவிட்டான். கூடவே அவனுக்கு முதல்வரின் எச்சரிக்கையும் நினைவுக்கு வந்தது. சாட்சிகள் இத்தனை பேர் முன்னால் ஊதியம் பெற்றால் பட்டயம் போய்விடும். ஆகவே அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கிய குரலில், சந்தை கேட்கும்படி பேசினான்.

“வேண்டாம் ஐயா. நான் சம்பளத்துக்காக உங்கள் வீட்டுக்கு வரவில்லை. எனக்குக் கிடைக்க வேண்டியது இன்று கிடைத்துவிட்டது. அதுவே போதும்.”

பாடப்புத்தகத்தில் இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம் என்று இதை எடுத்துக்காட்டலாம். ‘கடைக்கு’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘வீட்டுக்கு’ என்றது மட்டும் பிழை.

எதிர்ப்பக்கத்திலிருந்து பாத்திரக்காரரின் குரல்: “ஆத்தாடி! என்னா பேச்சுப் பேசிட்டான்யா மாப்ள!” யாரோ விசிலடித்தார்கள். மூட்டு வலிக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பலசரக்குக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“சரிதான் அண்ணாச்சி. பையன் வாயாலயே சொல்லிட்டான். முன்னாடியே தாக்கல் சொல்லிருந்தா பஸ் ஏறி வந்திருக்க மாட்டோம்ல?”

அவர்கள் போன பிறகு முதலாளி நோட்டுகளைக் கல்லாவில் போட்டு, பாதிக் கதவை இழுத்துச் சாத்தி, மிக்சர் கலக்கும் முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு என்னை முதன்முறையாக ஓர் ஆளாக எண்ணி விளித்தார்.

“ஏலே, வாங்கித் தொலச்சிருக்கலாம்ல?”

“விதிப்படி வாங்கக் கூடாதுங்க ஐயா.”

“எவன் விதி? எம்மக விதியப் பத்தி யோசிச்சியாலே?”

அப்போதுதான் அவர் எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். கப்பும் சாசரும், மின்விசிறி பெஞ்சும், காடு கரை விசாரணையும் ஒவ்வொன்றாக என் தலையில் வந்து விழுந்தன. கண் மருந்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. என் வேலையை ஒருவரும் பார்க்கவேயில்லை. ஒரு பெண்ணின் வாழ்வைக் குலைத்துவிட்டேன் என்ற பயம் ஒருபுறம். அதையும் மீறி இந்த அற்ப வருத்தம் மறுபுறம். எது முதலில் வந்தது என்று இப்போது சொல்லமாட்டேன்.

சரக்கறைக் கதவு திறந்தது. இந்த முறை அரையடி அல்ல, முழுதாக. பட்டுச் சேலையும் கனகாம்பரமுமாக அவள் வந்து நின்றாள். அவள் முகத்தை அதுவரை கோயிலில் தூரத்திலிருந்து பார்த்ததுதான்.

“அப்பா, எல்லாரும் எல்லாரையும் கேட்டாச்சு. என்னைய யாராச்சும் கேட்டீகளா?”

“உள்ள போத்தா.”

“போடிக்காரவுக என்ன சொல்லிவிட்டாக? டீச்சர் வேலைக்கெல்லாம் அனுப்ப மாட்டோம், வீட்டோட இருக்கட்டும்னு சொல்லிவிட்டாகள்ல? அங்கன போயி சோறு பொங்கிக்கிட்டுக் கெடக்கவா படிச்சேன்? சம்பளம் வாங்கணும் நானு.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “இவுகள மாதிரி இல்ல. குடுத்தா ஒழுங்கா வாங்கிக்கிருவேன்.”

முதலாளி எழுந்தார். “அப்ப இவனையே கட்டிக்கிறயா?”

“அவுக வேணாம்னு சொன்னேன். இவுக வேணும்னா சொன்னேன்?” என்றாள். “கொழம்பு ஆறுது. சாப்பிட வாங்க ரெண்டு பேரும்.”

அன்று மட்டும் கேரியர் வரவில்லை. உள்ளே இலை போட்டிருந்தது. போடிக்காரர்களுக்குச் சமைத்த விருந்தை முதலாளியும் நானும் எதிரெதிரே அமர்ந்து, ஒருவரையொருவர் பாராமல், மிச்சமில்லாமல் சாப்பிட்டோம்.

மேற்கொண்டு நடந்தது சாதாரணமானது. எனக்கு அரசு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அவளுக்குத் தேவதானப்பட்டியில் பள்ளி வேலை கிடைத்தது. இடையில் வந்த வரன்கள் எல்லாம் பஜாரில் வழி கேட்டுவிட்டுத் திரும்பிப் போயின. கடைசியில் பாத்திரக்காரர் தலைமையில் ஊரே வந்து முதலாளியிடம் என்னைப் பெண் கேட்க வைத்தது. அவள் என்னிடம் ஒரே கேள்வி கேட்டாள்: அவள் சம்பளம் அவள் கையில் இருக்குமா? இருக்கும் என்றேன். சரி என்றாள். நான் பிறகு மேற்படிப்புப் படித்தேன், பட்டங்கள் வாங்கினேன், மருந்தியல் கற்பித்து ஓய்வு பெற்றேன். படிக்கும் வருடங்களில் வீட்டுக்கு வந்த சம்பளம் அவளுடையது.

மாமனார் கடைசிவரை என்னை எல்லோருக்கும் ஒரே விதமாகத்தான் அறிமுகம் செய்துவைத்தார்: “நம்ம கடைக்குச் சும்மா வந்தவரு. அப்படியே ஒட்டிக்கிட்டாரு.” பேராசிரியர் ஆனபோதும் இதே வாசகம்தான். இறப்பதற்குச் சில நாள் முன்பு என்னை அருகே அழைத்தார். நான் குனிந்தேன். “கட்டடக்காரன் கடை வாடகை ஏத்தச் சொல்லிக் கேக்கான். ஏத்தாதீக” என்றார். சொற்கள் அவரிடம் சரக்கைப்போலத்தான். கேட்டால் மட்டும் எடுத்துத் தருவார், கேட்டதை மட்டும் தருவார். நான் கேட்டதில்லை.

என் மனைவியும் இந்த விஷயத்தில் அப்பாவின் மகள்தான். வீட்டில் எதையாவது நான் திருத்தமாகச் செய்து முடித்தால், “போதுமான அளவில் இருக்கிறது” என்பாள். சொன்ன பிறகு தனியே சிரித்துக்கொள்வாள். பஜார்க்காரர்கள் வந்து காதல் கதையை அவிழ்க்கும்போது, “காதலாவது கத்திரிக்காயாவது? இவுகளுக்குச் சம்பளம் வாங்கத் தெரியல, நான் மாட்டிக்கிட்டேன்” என்பாள்.

அவளுக்கு நோய் முற்றியபோது மருத்துவமனையில் சேர்த்தோம். மருந்துகளின் பெயரும் வேளையும் அளவும் எனக்குத் தெரியும் என்பதால், நான் அவற்றைச் சரிபார்ப்பதைச் செவிலியர்கள் தடுக்கவில்லை. அவற்றில் சில என்ன செய்யும், எது எதற்குமேல் செய்யாது என்பதும் எனக்குத் தெரியும். அதை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு பிற்பகலில் புதிதாக ஒரு செவிலி வந்தாள். மலைக்கு அந்தப் பக்கத்துப் பெண். தமிழும் மலையாளமும் கலந்து பேசினாள். நான் ஊசி மருந்தின் சீட்டைப் படித்துச் சரிபார்ப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் மனைவியிடம் கேட்டாள்.

“சாருக்கு என்ன ஜோலி அம்மா? டாக்டரா?”

பேராசிரியர் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குப் பேசச் சிரமமாக இருந்தது. சற்று நேரம் எடுத்துக்கொண்டாள்.

“எங்க கடையில வேல பாத்தாக,” என்றாள். “நல்லா பாத்தாக.”

“பின்ன எதுக்கு விட்டாங்க?”

“என்னையக் கட்டிக்கிட்டாகள்ல. அதுக்கப்புறம் எங்கிட்டு வேல பாக்க?”

செவிலி சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனாள். ‘நல்லா பாத்தாக’ என்றதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாமா என்று எனக்கு இருந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது. கேட்கவில்லை. தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தேன்.